மணல் வாளிக்காரர்

அவருடைய ஷெட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், டிங்கர் வேலை செய்கிறவர் ஒருவருக்கும் பழைய பேட்டரி வாங்கும் கடைக்கும் நடுவில் இருந்தது. மூன்று பக்கம் சுவர், மேலே தகரம், முன்னால் ஒரு ஷட்டர். அந்த ஷட்டரை அவர் முழுதாக இறக்கி யாரும் பார்த்ததில்லை. பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போதுகூட கீழே ஒரு முழம் இடைவெளி விட்டு, சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுத்தான் போவார். அந்த இடைவெளி வழியாகத் தெருநாய் ஒன்று உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். ஏன் போர்டு வைக்கவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"போர்டு வெச்சா தெரியாத வண்டில்லாம் வரும் சார். தெரியாத வண்டிய தொறக்கறதுக்கு எனக்கு பயம்."

ஒரு மெக்கானிக் தன் வாயால் பயம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தெரிந்த மெக்கானிக்குகள் எல்லோரும் "இதெல்லாம் ஒரு மேட்டரா சார்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். இவர் எந்த வண்டி வந்தாலும் முதலில் இரண்டடி பின்னால் போவார். அங்கிருந்தே தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். அதன் பிறகு மூலையில் இருக்கும் பெயின்ட் வாளியைத் தூக்கி வந்து வண்டியின் பின்சக்கரத்தருகே வைப்பார். வாளி நிறைய ஆற்றுமணல். சந்தில் இருந்தவர்களுக்கு அவர் மணல் வாளிக்காரர். அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று போனில் சொன்னபோது, "பேரு மட்டும் போடாதீங்க சார்" என்றார். இப்போது அரக்கோணம் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். பெயர் போடவில்லை.

நாங்கள் அவரிடம் போய்ச் சேர்ந்தது ஒரு காரால். எங்கள் கார் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். அது என் மனைவி சுமதியின் கார். அவளுடைய அப்பா கோயம்புத்தூரில் வசதியாக இருந்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, தரையோடு தரையாக உயரம், இன்ஜின் பின்பக்கம். அவர் போன பிறகு அது லாரியில் ஏறி வந்து, வானகரத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், தூணுக்கும் தூணுக்கும் நடுவில் இறங்கியது. சுமதி வெள்ளானூர் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். மற்ற நாட்களில் கல்லூரிப் பேருந்து, சனிக்கிழமை மட்டும் அப்பாவின் கார்.

நான் அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். அடுத்தவர் செய்த தவறைத் தேடிப் பிடித்து எழுதிக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எனக்கு அந்தக் காரைப் பிடிக்காது, ஓட்டவும் தெரியாது. சனிக்கிழமை அவள் கிளம்பிப் போனால், போய்ச் சேர்ந்தேன் என்ற குறுஞ்செய்தி வரும் வரை போனைக் கீழே வைக்கமாட்டேன். விற்றுவிடலாம் என்று பல தடவை சொல்லிப் பார்த்தேன். "என்னைக்காவது அது எரிஞ்சு போனாத்தான் எனக்கு நிம்மதி" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் ரசம் ஊற்றினாள். நான் அதை அன்றே மறந்துவிட்டேன்.

கார் வந்த மாதத்திலேயே சுமதி ஒரு காரியம் செய்தாள். காலையில் எழுந்ததும் ஆயில் மூடியைத் திறந்து, அளவுகுச்சியை உருவிப் பார்த்தாள். குச்சி காய்ந்து கிடந்தது. ஐயோ, ஆயிலே இல்லையே என்று இரண்டு லிட்டர் வாங்கி வந்து ஊற்றினாள். கிளப்பிய ஐந்தாவது நிமிடம் குடியிருப்பு முழுவதும் வெள்ளைப் புகை. மூன்றாம் மாடியில் இருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர் லுங்கியோடு இறங்கி ஓடிவந்தார். யாரோ கொடுத்த எண்ணில் கூப்பிட்டபோது வந்தவர்தான் மணல் வாளிக்காரர். மொபெட்டின் முன்னால் ஒரு சிமென்ட் மூட்டைப் பையில் மணலைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"காத்தால ஜில்லுனு கீறப்போ குச்சிய பாத்தியாமா?" என்று சுமதியிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள். "எல்லாரும் பண்றதுதான். ஆறுன வண்டி பொய் சொல்லும்மா. ஓடி, சூடாகி, இன்ஜின் ஓடிகினே கீறப்போதான் உண்மைய சொல்லும்."

அப்புறம் எங்கள் இருவரையும் நிற்க வைத்து விளக்கினார். மற்ற கார்களில் ஆயில் இன்ஜினுக்கு அடியிலேயே கிடக்கும். இதில் தனியாக ஒரு ஆயில் டேங்க், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில். வண்டி நின்று ஆறினால் டேங்கில் இருப்பது மெல்ல இன்ஜினுக்குள் வடிந்துவிடும். டேங்க் காலி மாதிரி தெரியும். அதை நம்பி ஊற்றினால் ஓடும்போது நிரம்பி வழியும். வழிவது எங்கே போகும்? டேங்க் கழுத்திலிருந்து ஏர் ஃபில்டருக்கு ஒரு ரப்பர் பைப் போகிறது. அதற்குப் பெயர் பிரீதர். இன்ஜினுக்குள் உண்டாகும் சூட்டுக் காற்றும் ஆயில் ஆவியும் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். அன்றைக்கு ஆயிலே அதன் வழியாகப் போய் எரிந்ததால்தான் அத்தனை புகை.

"மூடி இறுக்கமா மூடணும். மூச்சு நல்லா தொறந்து கீணும். ரெண்டும் வேற வேற. ரெண்டத்தையும் ஒண்ணா நெனச்சவன் வண்டி கொளுத்திகினு போயிரும்."

கொளுத்திகினு என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. கெட்ட பெயரை உரக்கச் சொன்னால் அது வந்துவிடும் என்று நினைக்கிறவர் போல் சொன்னார். அன்றிலிருந்து வெகுகாலம் அவரைத் தவிர வேறு மெக்கானிக் யாரும் அந்தக் காரைத் தொடவில்லை.

அவர் செய்யும் சோதனை ஒன்று உண்டு. வண்டி நன்றாகச் சூடானதும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் மூடியைத் திருகித் திறப்பார். திறந்தவுடன் இன்ஜின் ஒரு விக்கல் விக்கும். அணைந்துவிடப் போகிறது என்று தோன்றும், அணையாது. மூடியை வைத்ததும் பழையபடி ஓடும். அந்த விக்கல் வந்தால் மூடியின் ரப்பர் வளையம் சரியாக இருக்கிறது, பிரீதர் பைப்பும் அடைப்பில்லாமல் இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால்? ஒருநாள் கேட்டேன். "வராட்டினா நான் வாளிய தூக்குவேன், நீங்க ஓடணும்," என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். காருக்குள் ஓர் ஆளுக்கு மேல் இருந்தால் சாவியைத் திருப்ப விடமாட்டார். ஏன் என்று சுமதி கேட்டதற்கு, "ஒருத்தர்னா தூக்கிருவேன்மா" என்றார்.

மூடிக் கிடப்பது எதுவாக இருந்தாலும் அவருக்கு ஆகாது. லிஃப்டில் ஏறமாட்டார், எங்கள் நான்காவது மாடிக்கு வியர்க்க வியர்க்கப் படியேறித்தான் வருவார். ஒருநாள் காரைப் பார்த்துவிட்டு மோர் குடிக்க மேலே வந்தவர், சமையலறையில் குக்கர் சீறத் தொடங்கியதும் டம்ளரைக் கையில் பிடித்தபடியே எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டார். மூன்று விசில் முடிந்த பிறகு தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "வெயிட்டு ஓட்டைல பருப்பு கிருப்பு அடைச்சிகினு இல்லியேம்மா?" அன்றிலிருந்து சுமதி வாரம் ஒருமுறை குக்கர் வெயிட்டை ஊசியால் குத்திச் சுத்தம் செய்கிறாள். நானும் ஓரக்கண்ணால் அதைச் சரிபார்க்கத் தொடங்கினேன். அவருடைய பயம் அப்படித்தான், கிட்டப் போனால் ஒட்டிக்கொள்ளும்.

இப்படி ஒரு பயத்துக்குப் பின்னால் ஒரு கதை இருந்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என் தொழில் புத்தி. எங்கேயோ ஒரு வண்டி எரிந்திருக்க வேண்டும், யாரோ செத்திருக்க வேண்டும். அவர் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்துப் பக்கத்து டிங்கரிடம் விசாரித்தேன்.

"அத்தெல்லாம் ஒண்ணியும் இல்ல சார்," என்றார் டிங்கர், தகரத்தைத் தட்டுவதை நிறுத்தாமல். "இருவத்தஞ்சு வருசமா பக்கத்துலயே கீறேன். நைனா கைல ஒரு வண்டி பொகஞ்சது கூட இல்ல. பொறப்பே அப்டி. மன்சுல ஒரு வார்த்த நிக்காது அவருக்கு. எங்க ஊட்ல சண்டைன்னு நான் சொன்னா, சாயங்காலத்துக்குள்ள எம் பொண்டாட்டியாண்டயே போயி, 'உன் புருசன் இப்டி சொல்றான், பேசித் தீத்துக்கோ'ம்பாரு. வெச்சிகினு இருந்தா நெஞ்சு அடைக்குதாம்."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் காரணம் இல்லாத அந்தப் பயம், காரணம் இருக்கும் பயத்தைவிட அதிகமாக என்னை உறுத்தியது.

பிறகு அந்த மழை வந்தது. ஏரி திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு பரவினால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: காரை எடுத்துக்கொண்டு போய் பைபாஸ் மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, நனைந்துகொண்டே நடந்து வீடு திரும்புவது. அன்று பிற்பகலுக்குள் எங்கள் தரைத்தளம் காலியாகிவிட்டது. மிச்சமிருந்தது சுமதியின் கார் மட்டும். அவள் அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தாள். எனக்கு அதை ஓட்டத் தெரியாது. கேட்டுப் பார்த்த இரண்டு பேரும் பழைய வண்டி என்று கைவிரித்துவிட்டார்கள்.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அறிவுரை போட்டிருந்தார்கள்: நகர்த்த முடியாத வண்டிகளுக்குத் தண்ணீர் புகும் துளைகளை அடைத்து வையுங்கள். என் பழைய வேட்டி ஒன்று, பச்சைக்கரை போட்டது, துடைக்கிற துணியாகக் கிடந்தது. அதை நான்காகக் கிழித்தேன். இரண்டு சைலன்சர் குழாய்களுக்கு இரண்டு துண்டு. மூன்றாவதைப் பாலிதீனோடு சேர்த்து ஏர் ஃபில்டர் வாயில் கட்டினேன். பக்கத்தில் ஒரு ரப்பர் பைப் தெரிந்தது. இதற்குள்ளும் தண்ணீர் போகுமே என்று கழற்றி, நான்காவது துண்டைச் சுருட்டி விரலால் ஆழமாகத் திணித்தேன். பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று பைப்பைத் திரும்ப மாட்டி, கிளாம்பையும் திருகினேன். அதுதான் பிரீதர் என்பது அப்போது எனக்கு நினைவே இல்லை. இருட்டிக்கொண்டு வந்தது, தண்ணீர் குடியிருப்பின் கேட் வரை வந்துவிட்டிருந்தது. என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அன்று மாலை அவரே போன் செய்தார். "சார், வண்டிய மேல ஏத்திட்டீங்களா?"

"முடியலைங்க. எல்லாத்தையும் அடைச்சு வெச்சிருக்கேன்."

"எத்தயெல்லாம் அடைச்சீங்க?"

"சைலன்சர், அப்புறம்..." அதற்குள் லைன் கரகரத்தது.

"சார், கேக்குதா? அடைச்சத ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிக்கோங்க. அடைக்கறப்போ எல்லாருக்கும் நெனப்பு கீது. எடுக்கறப்போ இல்ல."

எழுதி வைப்பதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இவர் சொல்லித் தருகிறாரே என்று சிரித்துக்கொண்டேன். எழுதவில்லை.

தண்ணீர் முதல் படி வரை வந்து நின்று, இரண்டு நாளில் வடிந்தது. சுமதி திரும்பி வருவதற்குள் துணிகளை எடுத்துவிட்டேன். சாலைகள் பெயர்ந்து கிடந்ததால் மூன்று வாரம் அவள் காரைத் தொடவில்லை. நான்காவது சனிக்கிழமை காலை கிளம்பிப் போனாள். வழக்கம் போல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்துப் போன் வந்தது, அவளிடமிருந்து அல்ல.

"சார், அம்மா நல்லா கீது. மொதல்ல அத்த சொல்ட்டேன். அடி கிடி ஒண்ணும் இல்ல. பருத்திப்பட்டு ஏரியாண்ட நிக்கிறாங்கோ. நான் போய்கினே கீறேன். நீங்க வண்டிய மெதுவா ஓட்டிகினு வாங்க."

ஆயில் நாற்றம் வந்ததும் சுமதி அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறாள், என்னை அல்ல. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கு, பையைக்கூட எடுக்காதே, ஐம்பதடி தள்ளிப் போய் நில் என்று சொல்லியிருக்கிறார். நான் இருசக்கர வண்டியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். வேலப்பன்சாவடி தாண்டும்போது அந்த வேட்டி ஞாபகத்துக்கு வந்தது. நான்காகக் கிழித்தேன். எத்தனை எடுத்தேன்? சைலன்சரில் இரண்டு. பாலிதீனோடு ஒன்று. மறுபடி எண்ணினேன். மறுபடியும் மூன்றுதான் வந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முதலில் சொல்லிவிட்டாரே, அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச தூரத்தை ஓட்டினேன்.

நான் போனபோது சுமதி சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு இளநீர் வண்டி நிழலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். காரின் பின்மூடி திறந்திருந்தது. அடியில் கரும்படலமாக ஆயில், அதன் மேல் மணல். இன்ஜினுக்குள் சூட்டுக் காற்று வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, ரப்பர் சீல்களைப் பிதுக்கிக்கொண்டு ஆயில் சூடான புகைக்குழாயின் மேல் கொட்டியிருந்தது. இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக்குள் தலையை விட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். பேருந்துகள் விலகிப் போயின, வேடிக்கை பார்த்தவர்கள் எட்டி நின்றார்கள். பயந்தாங்கொள்ளி என்று ஊரில் பெயர் வாங்கியவர்தான் அங்கே அந்த வண்டிக்கு மிக அருகில் இருந்தார்.

கிளாம்பைத் தளர்த்திப் பைப்பைக் கழற்றினார். குறடை உள்ளே விட்டு இழுத்தார். ஆயிலில் ஊறிய துணி நீளமாக வந்தது. கடைசியில் பச்சைக்கரை.

அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவர் இரண்டடி பின்னால் போனார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க," என்றேன். அவள் உயிருக்கு ஆபத்து வந்த இடத்தில் நின்றுகொண்டு என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

"சார், நான் எத்த மனசுல வெச்சிகினேன் இதுவரிக்கும்? என்னால ஆவாது சார்."

"நானே சொல்றேன். நேரம் பாத்து நானே சொல்லிடறேன். நீங்க சொல்ல வேண்டாம்."

"நீங்களே சொல்ட்ருங்க," என்று இரண்டு தடவை சொன்னார். துணியைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சாலையைக் கடந்து போய் சுமதியிடம், "பைப்பு அடைப்புமா. எடுத்துட்டேன்" என்றார். அது பொய் இல்லை.

நான் சொல்லவில்லை. அன்று மாலை அவள் களைத்திருந்தாள். மறுநாள் விருந்தினர். அதற்கடுத்த வாரம் அவளுக்குத் தேர்வுத்தாள் திருத்தும் வேலை. பிறகு சொன்னால், ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயம் வந்தது. நாள் ஆக ஆக அந்தப் பயம்தான் வளர்ந்தது. அலுவலகத்தில் அடுத்தவர் பிழைகளை வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

சீல் எல்லாம் மாற்றிக் கார் திரும்பி வந்தபோது பிரீதர் பைப்பில் பழைய கிளாம்புக்குப் பதிலாகக் கையாலேயே கழற்றக்கூடிய ஒரு கிளிப் இருந்தது. அதன் பிறகு சுமதிக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளப்புவதற்கு முன் பின்மூடியைத் திறப்பாள், பைப்பைக் கழற்றுவாள், ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள். பிறகு மாட்டிவிட்டுப் போவாள். நான் முதல் மாடிப் படிக்கட்டில் நின்று பார்ப்பேன். மணல் வாளிக்காரரின் பயம் இவளுக்கும் ஒட்டிக்கொண்டது, நல்லதுதான் என்று நினைத்து நிம்மதிப்பட்டேன்.

ஆனால் அவர் மாறிவிட்டார். நாங்கள் இருவரும் சேர்ந்து போனால் என்னை டீ வாங்க அனுப்புவார். நான் திரும்பி வந்தால் அவர் பேட்டரிக் கடைக்குப் போயிருப்பார். எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் டயரைப் பார்த்துப் பேசுவார். மூடியைத் திறந்து விக்கல் கேட்டு, மூடிவிட்டு, மறுபடி திறந்து கேட்பார். ஒருமுறை தனியாக இருக்கும்போது, "சொல்ட்டீங்களா சார்?" என்று கேட்டார். "அடுத்த வாரம்" என்றேன். அவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். அவர் வாயைத் திறந்துவிடுவாரோ என்ற பயத்தில், அவர் படுகிற பாடு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஏழாவது மாதம், சுமதியையும் வைத்துக்கொண்டே சொன்னார். "இந்த வண்டிய இனிமே வேற எங்கனா வுடுங்க. என்னால முடியல."

நான் ஏன் என்று கேட்கவில்லை. சுமதியும் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு வினோதமாகப் படவில்லை.

அம்பத்தூரில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனோம். கண்ணாடிக் கதவு, ஏசி அறை. மேற்பார்வையாளர் இன்ஜினைக் கிளப்பிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "ஆயில் ஸ்மெல் வருது மேடம். இந்த பைப்ப கழட்டி, டேங்க் பக்கம் ஒரு போல்ட் போட்டு அடைச்சிட்டா நாத்தமே இருக்காது. அஞ்சு நிமிஷ வேலை."

"அடைக்காதீங்க" என்று கத்திவிட்டேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுமதியும் பார்த்தாள். சாவியை வாங்கிக் காரை வெளியே எடுத்தாள். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு: அவளைக் காப்பாற்றத் தெரிந்த ஒரே மனிதரை நான்தான் விரட்டிவிட்டேன். இனி அவள் ஓட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் தலையில்தான்.

அன்று மாலை அவள் சாப்பாட்டு மேசையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். வேட்டி, நான்கு துண்டு, மூன்று எடுத்தது, அவரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது, எல்லாம். அவள் கீரை உருவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றாள்.

"அவர் சொல்லிட்டாரா?"

"அவர் சட்டைப்பைல பச்சைக்கரை வெளிய தொங்குச்சு. எத்தனை வருஷம் துவைச்ச வேட்டி. நீங்க இளநீர்க்காரர்கிட்ட பேசிட்டிருந்தீங்க. இது எங்க வீட்டு வேட்டிதானே அண்ணான்னு அவர்கிட்ட கேட்டேன். அவருக்குப் பொய் வராதே. ஆமாம்மா, ஆனா ஒரு வாரம் குடுங்க, சாரே சொல்லுவாரு, அவரு சொல்றதுதான் மொறைன்னு கெஞ்சினார். நீங்களா சொல்ற வரைக்கும், எனக்குத் தெரியும்னு உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு நானும் அவர்கிட்ட சொன்னேன். எனக்கு வீம்பு."

ஆக, அவர் இரண்டு பக்கமும் அடைபட்டுக் கிடந்திருக்கிறார். என் வாக்கு ஒரு பக்கம், அவளுடைய வாக்கு ஒரு பக்கம். ஒரு சொல்லை ஒருநாள் வைத்துக்கொள்ள முடியாத மனிதர் ஏழு மாதம் வைத்திருந்திருக்கிறார்.

"மொதல் வாரம், நேரம் பாக்கறீங்கன்னு நெனச்சேன்," என்றாள் சுமதி. "ரெண்டாவது வாரம், பயப்படறீங்கன்னு நெனச்சேன். மூணு மாசம் ஆச்சு. நீங்க சொல்லவே இல்லை."

"அப்ப?"

அவள் காம்பை ஒதுக்கி வைத்தாள். "அது எரிஞ்சு போனாத்தான் நிம்மதின்னு ஒருநாள் சொன்னீங்க இல்ல? அது ஞாபகம் வந்துச்சு. வேணும்னேதான் அடைச்சீங்களோன்னு நெனச்சேன்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பிளாட்டில் குக்கர் சீறியது. சத்தியமாக இல்லை என்று சொல்ல நினைத்தேன். அந்தச் சத்தியத்துக்கு ஏழு மாதத்துக்கு முன்னால் இருந்த மதிப்பு இப்போது இல்லை என்பதும் தெரிந்தது. அவள் பக்கத்தில் படுத்து எழுந்த இருநூறு நாட்களை நினைத்துப் பார்த்தேன். நான் அவளிடம் மாட்டிக்கொள்வேனோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் என்னைக் கண்டே பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"இப்ப?" என்று கேட்டேன்.

"இப்ப இல்லை," என்றாள். கையிலிருந்த கொத்தை உருவி முடித்துவிட்டுத்தான் சொன்னாள்.

பிறகு போனை எடுத்து அவருக்குப் போட்டு, எனக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள். மணி அடித்ததும் எடுத்துவிட்டார்.

"அண்ணா, சொல்லிட்டாருண்ணா."

அந்தப் பக்கம் டிங்கர் தகரம் தட்டுவது மட்டும் கேட்டது.

"சார் பக்கத்துல கீறாராமா?"

"இருக்காரு."

"சரிமா," என்றார். "சனிக்கெயம காத்தால வண்டிய எடுத்துகினு வாங்க."

அதற்கப்புறம் இரண்டு வருடம் அவர்தான் பார்த்துக்கொண்டார். பழையபடி எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினார், மணல் வாளியைச் சக்கரத்தருகே வைத்தார், ஒரே ஒரு தடவை மூடியைத் திறந்து விக்கலைக் கேட்டுத் தலையாட்டினார். மகள் வீட்டுக்குப் போகும்போது அந்த வாளியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். தரைத்தளத்தில் தூணோரமாக இருக்கிறது.

சனிக்கிழமைகளில் நான் இப்போது படிக்கட்டில் நின்றுவிடுவதில்லை. அவளோடு கீழே இறங்கி வருகிறேன். அவள் பின்மூடியைத் திறக்கிறாள். கிளிப்பை எடுத்து, பைப்புக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். அந்தக் கிளிப்பை அவரிடம் கேட்டுப் போடச் சொன்னது அவள்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். விரலை வெளியே எடுத்து, துணியில் துடைத்துவிட்டு, "ஒண்ணுமில்லை" என்கிறாள். இத்தனை வருடம் கழித்தும் அதை என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாள்.